போடாமல் விட்ட ரீல்

என் சித்தப்பா சினிமா நடிகர். கதாநாயகனுமல்ல, வில்லனுமல்ல. போலீஸ் நிலையக் காட்சியென்றால் மூலையில் தனக்குத்தானே சீட்டு விளையாடிக்கொண்டிருப்பாரே, அவர். கல்யாணக் காட்சியென்றால் மாப்பிள்ளைக்கு முந்திப் பந்தியில் உட்கார்ந்து இலையோடு சண்டை போடுவாரே, அவர். ஐந்து நிமிடம் வருவார்; அரங்கம் சிரித்து ஓய்வதற்குள் காணாமல் போவார். படம் பார்த்து வெளியே வருகிறவர்கள் கதாநாயகன் பெயரைச் சொல்வார்கள், பாட்டெழுதியவர் பெயரைக்கூடச் சொல்வார்கள். இவரை மட்டும் ‘அந்த லூசு’ என்பார்கள். படத்தைத் தூக்கி நிறுத்துகிறவருக்குப் பெயரில்லை. மரத்தைச் சுற்றி ஓடுகிறவருக்கு மாடி உயரத்தில் கட்-அவுட். பணி ஓய்வு பெற்ற பிறகும் இந்த அநியாயம் எனக்கு ஆறவில்லை.

சிறுவயதில் இதைவிடப் பெரிய அநியாயம் உப்பளம் பேட்டையில் எங்கள் வீட்டுக்குள்ளேயே நடந்துகொண்டிருந்தது. அப்பா தன் தம்பி நடித்த ஒரு படத்தையும் பார்த்ததில்லை. கேட்டால், “ஆபீஸ் வேலை இருக்குது” என்பார். அரசாங்க அலுவலகத்தில் எழுத்தர். நானே பிற்பாடு அதே மாதிரி நாற்காலியில் முப்பது ஆண்டுக்குமேல் உட்கார்ந்திருக்கிறேன். மாட்னி ஷோவைக் கெடுக்கும் அளவுக்கு அங்கே வேலை இருந்ததில்லை என்று சான்றளிக்க என்னால் முடியும்.

அப்பாவைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். அவர் பிரெஞ்சுக்காரன் காலத்தில் வேலையில் சேர்ந்தவர். அந்த அலுவலகங்களில் காலையில் வந்ததும் ஒவ்வொருவருக்கும் கை கொடுக்கவேண்டும், மாலையில் போகும்போதும் கொடுக்கவேண்டும். பிரெஞ்சுக்காரன் போனான், பழக்கத்தை எல்லோரும் விட்டார்கள், அப்பா விடவில்லை. பால்காரர், தபால்காரர், சவரக்கடைக்காரர், கறிக்கடையில் கத்தியோடு நிற்பவர், யாராக இருந்தாலும் சரி. இடது பையிலிருந்து கைக்குட்டையை எடுப்பார். வலது உள்ளங்கையைத் துடைப்பார். லேசாகக் குனிந்து கையை நீட்டுவார். பரீட்சை நாட்களில் எனக்கும் உண்டு. அவரோடு கடைத்தெருவுக்கோ பள்ளிக்கோ போனால் போகிற இடத்துக்கு நேரத்தோடு போய்ச் சேர முடியாது.

அந்த வருடம் சித்தப்பாவுக்கு ஒரு படத்தில் முழுசாக ஒரு ரீலுக்கு வேடம் கிடைத்தது. எங்கள் ஊரில் இரண்டாவது வாரமும் ஓடியது. வகுப்பில் எல்லோரும் பார்த்துவிட்டார்கள். “உங்க சித்தப்பா பின்றார்டா!” என்றார்கள். என்ன வேடம் என்று கேட்டால் மட்டும், “நீயே போயி பாரேன், சொன்னா மஜா போயிடும்” என்று ஒருவர்மேல் ஒருவர் விழுந்து சிரித்தார்கள். பள்ளி வாசலில் ஒருவன் என் கையைப் பிடித்து வெகுநேரம் குலுக்கினான். வாழ்த்துகிறான் என்று நினைத்து நன்றி சொன்னேன்.

எனக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. இந்தப் படத்தையாவது அப்பா பார்க்கவேண்டும்.

சனிக்கிழமை சித்தப்பா மெட்ராஸிலிருந்து வந்தார். அத்தை அவரைக் கண்டதும், “இன்னைக்கி எல்லாரும் சினிமாவுக்குப் போறோம்” என்று அறிவித்துவிட்டாள்.

“வேணாங்க்கா, டப்பா படம்” என்றார் சித்தப்பா.

“டப்பாவோ டின்னோ, ஒன் மூஞ்சிய காசு குடுத்துப் பாக்க நாங்க ரெடி. ஒனக்கு இன்னாடா நோவு?”

“அண்ணனுக்கு வேல இருக்கும்க்கா.”

அப்பா செய்தித்தாளை மடித்தார். “ஒரு வேலையும் இல்ல. போலாம்” என்றார்.

சித்தப்பாவின் முகம் வெளுத்தது. அண்ணன் எதிரில் தன்னைத் திரையில் பார்க்கும் கூச்சம் என்று நான் தீர்மானித்தேன்.

தியேட்டர் வாசலில் டிக்கெட் கிழிப்பவர் அப்பாவைக் கண்டதும் வாயெல்லாம் பல்லாகக் கையை நீட்டினார். அப்பா அந்தக் கையில் டிக்கெட்டுகளை வைத்துவிட்டு உள்ளே நடந்தார். வழக்கமான தாமதமில்லாமல் நல்ல இடம் பிடித்தோம். சித்தப்பா மட்டும் சோடா வாங்கப் போனவர், ஆபரேட்டர் அறையின் படிகளில் ஏறுவதைப் பார்த்தேன். நடிகர்களுக்கு அங்கெல்லாம் அனுமதி உண்டு என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

படம் ஓடியது. இடைவேளை வந்தது, போனது. கல்யாண மண்டபத்தில் கதாநாயகனைப் போலீஸ் கைது செய்தது. அடுத்த நொடி அவன் தாடியோடு கோர்ட்டில் நின்றான். அரங்கில் விசில் கிளம்பியது. “டேய், ரீலப் போடுடா!” என்று முன்வரிசை கத்தியது. போலீஸ் நிலையத்தையே காணோம். அதற்குள் இருந்த சித்தப்பாவையும் காணோம். படம் முடிந்து விளக்குகள் எரிந்தன.

புகார் கொடுப்பதற்கு ஒரு முறை உண்டு: முதலில் சம்பந்தப்பட்டவர், அவர் சரியில்லையென்றால் அவருக்கு மேலே உள்ளவர். அந்த வயதிலேயே எனக்கு அது தெரியும். படியேறிப் போய் ஆபரேட்டரிடம், “எங்க சித்தப்பா வர்ற எடத்த ஏன் வெட்டுனீங்க?” என்று கேட்டேன்.

அவர் பீடியை அணைத்தார். “போயி ஒங்க சித்தப்பாவையே கேளு, போ.”

என்ன திமிர்! மேனேஜர் வீட்டுக்குப் போய்விட்டார். ஆகவே அப்பாவிடம் ஓடினேன். தெருவிளக்கு ஒரு நாள் எரியாவிட்டால் முனிசிபாலிட்டிக்கு எழுதுகிறவர். “அப்பா, இவங்க மேல எழுதுங்கப்பா. ஒரு ரீலையே முழுங்கிட்டாங்க.”

“படம் நல்லாத்தான் இருந்துச்சு. வா” என்றார்.

சித்தப்பா வெளியே சைக்கிள் ஸ்டாண்டு ஓரமாக நின்றிருந்தார். அப்பா நேராக அவரிடம் போனார். இடது பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தார். உள்ளங்கையைத் துடைத்தார். லேசாகக் குனிந்து தம்பிக்குக் கையை நீட்டினார்.

“நல்லாப் பண்ணியிருக்கடா” என்றார்.

சித்தப்பா அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, “அண்ணா… அண்ணா…” என்றார். அவ்வளவு பெரிய மனிதர் நடுத்தெருவில் அழுதார். அத்தை, “போனா போவுது வுட்றா, அடுத்த படத்துல காட்டுவானுங்க” என்று தேற்றினாள்.

வழியெல்லாம் எனக்குக் கொதித்தது. கண்ணில் காட்டாத நடிப்புக்கு எப்படிப் பாராட்டு வழங்கலாம்? பார்க்காத ஒன்றைப் பார்த்ததாகச் சொல்வது எந்த ஊர் முறை?

இப்போது அப்பாவும் இல்லை, சித்தப்பாவும் இல்லை. போன மாதம் அந்தப் படத்தைத் தொலைக்காட்சியில் போட்டார்கள். போலீஸ் நிலையம் வந்தது. வெள்ளைக் கால்சட்டை போட்ட ஓர் ஆளை இழுத்து வருகிறார்கள்; சித்தப்பாதான். அவர் தனக்கு விலங்கு மாட்டிய போலீஸ்காரருக்குக் கை கொடுக்கிறார். இன்ஸ்பெக்டருக்குக் கொடுக்கிறார். லாக்கப்பில் இருக்கும் திருடனுக்குக் கொடுக்கிறார். கொடுக்க ஆளில்லாமல் போனதும் கம்பிக்குக் கொடுக்கிறார். வயிறு வலிக்கச் சிரித்தேன். கம்பிக்குக் கொடுப்பதற்கு முன்னால் அவர் விலங்குக் கையோடு இடது பைக்குள் கைக்குட்டையைத் தேடினார். அங்கேதான் என் சிரிப்பு நின்றது.

ஊரே அந்த ரீலைப் பார்த்திருந்தது. அப்பாவும் எங்களுக்கு முன்பே, தனியாக, யாரிடமும் சொல்லாமல் போய்ப் பார்த்திருக்கிறார். எதுவும் தெரியாமல் அந்தக் குடும்பத்தில் புகார் சொல்லிக்கொண்டிருந்தவன் நான் ஒருவன்தான். யார்மேல் கோபப்படுவது என்று இப்போதும் எனக்குத் தெரியவில்லை. சித்தப்பாமேலா? அவ்வளவு அருமையாகச் செய்திருக்கிறார், பாவி மனுஷர். சிரித்த ஊர்மேலா? நானே சிரித்தேனே.

அன்று தம்பிக்குக் கொடுத்ததோடு சரி. அதன்பிறகு அப்பா எவருக்கும் கை கொடுத்து நான் பார்க்கவில்லை. சினிமாவுக்குப் போவதற்குச் சில நாள் முன்பே, அப்பாவைப் பிரெஞ்சு மரியாதையில் ‘முசே’ என்று கூப்பிடும் பால்காரர் அம்மாவிடம் கேட்டார்: “முசேவுக்கு எம்மேல எதுனா கோவமாம்மா? கையே குடுக்க மாட்றாரு.”

“அதெல்லாம் ஒண்ணுமில்லப்பா, ஏதோ நெனப்பு” என்றாள் அம்மா.

நான் பைக்கட்டைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றிருந்தேன். ஒருவழியாக அப்பா திருந்திவிட்டார், இனிமேல் பள்ளிக்கு நேரத்தோடு போகலாம் என்று எனக்கு அப்படி ஒரு நிம்மதி.