ஏழாம் வரிசைப் பழங்கள்

எங்கள் சோதனைக்கூடம் அம்பத்தூர் எஸ்டேட்டில், லேத் பட்டறைகளுக்கு நடுவே இருக்கிறது. மிளகாய்த்தூளில் சாயம், பாலில் தண்ணீர் என்று பார்ப்பதுதான் வழக்கமான வேலை. நூம்பலில் உள்ள வீட்டிலிருந்து இரண்டு வண்டி மாறிப் போய்ச் சேர்ந்ததும் முதலில் தராசைச் சரிபார்ப்பேன். பாட்டில் மூடி திறந்து கிடந்தால் யாராக இருந்தாலும் என்னிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார்கள். என் கறார்த்தனத்தில் எனக்கே கொஞ்சம் பெருமை உண்டு.

ஒரு வெள்ளிக்கிழமை கொடைக்கானல் பக்கத்திலிருந்து நான்கு பெட்டி ஸ்ட்ராபெரி வந்தது. அனுப்பியவர் புது ரகம் உருவாக்குகிறவர். ஒரு செடியின் பூவில் மகரந்தப் பைகளைக் கிள்ளிவிட்டு, வேறு செடியின் மகரந்தத்தைத் தூரிகையால் தடவி, விதை எடுத்து, நாற்று வளர்த்து, பிடிக்காததையெல்லாம் கழித்துக்கொண்டே வந்ததில், எட்டு வருடத்துக்குப் பிறகு நான்கு வரிசைதான் மிஞ்சியிருந்தன; வரிசைக்கு ஒரு பெட்டி அனுப்பியிருந்தார். பழம் பெரிதானால் சத்து குறைகிறது, சத்து இருந்தால் பழம் சுண்டைக்காய் அளவில் நின்றுவிடுகிறது என்று போனில் புலம்புவார்.

"ஏழாம் நம்பர் வரிசைதான் மேடம் என் நம்பிக்கை. ரெண்டும் அதுல இருக்குன்னு என் நாக்கு சொல்லுது. உங்க மிஷினும் சொல்லட்டும். ஒரு ரகத்துக்குத்தான் இடம் இருக்கு, மத்ததைப் பிடுங்கிடணும்."

எங்கள் கூடத்தில் ஒரு பழக்கம். எந்தப் பழம் வந்தாலும் முதலில் கருமாரி படத்துக்கு வைப்போம். அந்த வேலை என்னுடையது. மேலே இருந்த பெட்டியைத் திறந்து, நன்றாகச் சிவந்ததாகப் பார்த்து ஆறு பழம் பொறுக்கித் தட்டில் வைத்தேன். சாமிக்குச் சொத்தையையா வைப்பார்கள்? கற்பூரம் காட்டி முடிந்ததும் ஆளுக்கொன்று சாப்பிட்டோம்.

பிறகு சோதனை. பழத்தை உறையவைத்து அரைத்து, சாற்றை ஊதா நிறக் கரைசலில் விட வேண்டும். ஆன்டிஆக்ஸிடன்ட் என்கிற அந்தச் சத்து எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவுக்கு ஊதா வெளுக்கும். மூன்று வரிசைகளுக்கு வெளுத்தது. ஏழாம் வரிசைக்கு மட்டும் ஊதா அடம்பிடித்து நின்றது. மூன்று முறை பார்த்துவிட்டு, அறிக்கையில் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்.

"சரிங்க மேடம். நாக்குதான் பொய் சொல்லியிருக்கு" என்றார் அவர். "புதன்கிழமை ஆள் வராங்க. பிடுங்கிடறேன்."

செவ்வாய்க்கிழமை மதியம், கண்ணாடிச் சாமான் கழுவும் திருவேற்காட்டு அக்கா குடுவையைத் தேய்த்தபடி பேச்சை ஆரம்பித்தார்.

"அன்னிக்கு சாமிக்கு வெச்ச பழம் இன்னா செவப்புமா! கையெல்லாம் ஒட்டிக்கிச்சு. நீ மிஷின்ல போட்டது மட்டும் இன்னாத்துக்கு அப்டி வெளுத்துக்கினு கீது?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மேலே இருந்தது ஏழாம் வரிசைப் பெட்டி. பழத்தின் சிவப்பே பாதிச் சத்து. பழுக்கப் பழுக்கத்தான் அது ஏறும். அதில் நன்கு பழுத்திருந்த ஆறையும் சாமிக்குக் கொடுத்துவிட்டு, காம்புப் பக்கம் வெள்ளை போகாத அரைப்பழங்களை அரைத்து ஒரு மனிதரின் எட்டு வருடத்துக்குத் தீர்ப்பு எழுதியிருக்கிறேன். மூடி திறந்திருந்ததற்கெல்லாம் கத்துகிற நான்! சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை என்றும் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காக இன்றும் வெட்கப்படுகிறேன்.

போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

"சாமிக்கா வெச்சீங்க?"

"ஆமா சார்."

"சாப்பிட்டீங்களா? நல்லா இருந்துதா?"

திட்டுவார் என்று காத்திருந்தவளுக்கு இந்தக் கேள்வியைத் தாங்க முடியவில்லை. "ரொம்ப நல்லா இருந்துது சார்" என்பதற்குள் அழுதுவிட்டேன்.

"அப்ப ஆளுங்களை நிறுத்தறேன். மறுபடி அனுப்பறேன்" என்று வைத்துவிட்டார்.

அடுத்த வாரம் மறுபடியும் நான்கு பெட்டிகள் வந்தன. கூடவே தனியாக ஒரு பொட்டலம். மேலே பேனாவால் எழுதியிருந்தார்: 'இது சாமிக்கு. பெட்டியில் கை வைக்க வேண்டாம்.' பிரித்தால், உள்ளே இருந்தவை அத்தனையும் வெளுத்த காய்கள். அதையே கருமாரிக்கு வைத்துக் கற்பூரம் காட்டினேன்.

அக்கா ஒன்றைக் கடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "இன்னாமா, இந்தப் புளிப்பு கீது?"

"எனக்கு வேண்டியதுதான் அக்கா" என்று நான் இரண்டு தின்றேன்.

இந்த முறை பெட்டிக்குள் பார்க்காமல் கையை விட்டு, அகப்பட்டதை எடுத்தேன். ஏழாம் வரிசைச் சாறு விழுந்ததும் ஊதா மளமளவென்று வெளுத்தது. மற்ற மூன்றும் அதன் பக்கத்தில் வரவில்லை. எண்ணைப் போனில் படித்துக் காட்டினேன். அவர் போனைக் கீழே இறக்கிவிட்டு, தோட்டத்தில் யாரிடமோ சொன்னது மட்டும் கேட்டது.

"ஏழாம் வரிசையை விட்ருங்க. மத்த மூணையும் பிடுங்குங்க."