மூன்றாவது சரணம்

எழுபதைத் தாண்டிவிட்டார், ஆனாலும் பாடகர் சாதெத்தின் மேடையேறினால் அதானா நகரில் எந்த மைதானமும் கூட்டத்தைக் கொள்ளாது. நீண்ட கழுத்துள்ள சாஸ் என்ற தந்தி வாத்தியத்தில் மின்கம்பியைச் சொருகி, பண்ணையார்களை வறுத்தெடுக்கும் பருத்திப் பாட்டைத்தான் முதலில் எடுப்பார். அதனால் அவர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

ராணுவ ஆட்சி வந்த புதிதில் அவரைப் பிடித்து உள்ளே போட்டார்கள். வெளியே விட்டபோது பாடத் தடை. சாஸ் வாசிக்கலாம், வாய் திறக்கக் கூடாது. ஒரு வருஷம் ஒழுங்காக இருந்தால் தடையை நீக்குவதாக ஊர்க் காவல் அதிகாரி வெஹ்பி சொல்லியிருந்தார். பாடாத நாளெல்லாம் சாதெத்தினுக்குப் பட்டினி கிடந்த மாதிரிதான். பல்லைக் கடித்துக்கொண்டு, மேளக்காரன் ஹிதிரோடு கல்யாணங்களில் வாசித்து வயிற்றைக் கழுவினார்.

கெடு முடியும் வாரத்தில் வெஹ்பி வீட்டிலேயே கல்யாணம். மணப்பெண் வந்து அந்தப் பருத்திப் பாட்டின் மெட்டைத்தான் கேட்டுத் தொலைத்தாள். கல்யாணப் பெண் கேட்டால் எப்படி மறுப்பது?

"அண்ணே, மாட்டினோம்," என்றான் ஹிதிர்.

"நீ அடி. நமக்கு வாய் இருக்கிறதையே மறந்துடு."

கைகோத்து ஆடும் வரிசைக்குத் தலையில் நின்று, கைக்குட்டையைச் சுழற்றியவர் வெஹ்பியேதான். அந்தக் கைக்குட்டை தாழும்வரை வாசிப்பை நிறுத்தக் கூடாது. அங்கே அது மீற முடியாத முறை. ஆட்டம் சூடுபிடித்ததும் கூட்டமே பாடத் தொடங்கிவிட்டது. இசைத்தட்டில் வந்த இரண்டு சரணங்களும் ஊருக்கு மனப்பாடம். சாதெத்தினுக்கு உள்ளூரக் குளிர்ந்தது, உதட்டை இறுக மூடிக்கொண்டு வாசித்தார்.

மெட்டு மூன்றாம் முறை திரும்பியபோது கூட்டம் அடங்கியது. மூன்றாவது சரணம் யாருக்கும் தெரியாது. வீட்டில் ஒரே ஒரு கேசட்டில் பதிந்திருந்தார். அதைக் கைதான அன்றே போலீஸ் அள்ளிக்கொண்டு போயிருந்தது.

ஒரு குரல் மட்டும் நிற்கவில்லை. பருத்தி எடுப்பவளுக்குக் காய்ந்த ரொட்டி, பண்ணையார் குதிரைக்கு நல்ல பார்லி என்று சொல் பிசகாமல், கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருந்தார் வெஹ்பி.

கண் திறந்தவர், ஊரே தன்னைப் பார்ப்பதைக் கண்டு கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். ஆட்டம் நின்றது. நேரே சாதெத்தினிடம் வந்தார்.

"நீ பாடினியாய்யா?"

"வாயே தொறக்கலைங்க ஐயா."

வெஹ்பி தொண்டையைக் கனைத்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"அந்தக் கேசட்டு தேஞ்சு போச்சு. கடைசி வரி சரியா கேக்க மாட்டேங்குது. நாளைக்கு ஸ்டேஷனுக்கு வந்து பாடிக் குடு."

"எனக்குத் தடை இருக்கே ஐயா."

"அதைக் காலையிலயே எடுத்துடறேன். நீ சாஸை மறந்துட்டு வந்துடாதே."