வெள்ளிமலையில் அப்பாவின் கல்

மார்கழி மாதத்துச் சனிக்கிழமை விடியலில், சேலத்தில் விருத்தாசலம் பாசஞ்சரைப் பிடித்தேன். எதிரே உட்கார்ந்திருந்த அம்மாள், "தனியா எங்க கிளம்பிட்டீங்க?" என்றார். "ஒரு கல்லு ஏத்திட்டு வரணும்" என்றேன். அம்மிக்கல் என்று நினைத்துவிட்டார். ஆத்தூரில் நல்ல அம்மி கிடைக்கும் என்று யோசனை வேறு சொன்னார். நான் திருத்தவில்லை. என் அப்பாவின் கல் என்று சொன்னால் சின்னசேலம் வரைக்கும் கதை சொல்லிக்கொண்டே போக வேண்டும். இருபது ரூபாய் டிக்கெட்டுக்கு அவ்வளவு கதை கட்டுப்படியாகாது.

உங்களுக்குச் சொல்லாமல் முடியாது. எழுபத்தொன்றாம் வருஷத்துச் சண்டையில் என் அப்பா போர் விமானம் ஓட்டிப் போனவர். திரும்பி வரவில்லை. 'காணவில்லை' என்று தந்தி வந்தது. இறந்தார் என்று யாரும் சொல்லவில்லை. அப்போது நான் அம்மா வயிற்றில் ஐந்து மாதம். சின்னசேலத்துக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் ஊர்க்காரர்கள் பணம் போட்டு அப்பாவுக்கு ஒரு கல் அடித்தார்கள். தாத்தா அதை நட விடவில்லை. "பொணத்தக் காட்டுங்கடா, அப்பறம் கல்லு நடலாம்" என்று களத்துமேட்டில் தள்ளிவிட்டார். அம்மாவுக்கும் அதே உத்தரவுதான். உடம்பு வந்து சேரும் வரை பொட்டை அழிக்கக் கூடாது.

அம்மா அழிக்கவில்லை. தாத்தா செத்து எத்தனையோ வருஷம் ஆன பிறகும் பூ, பொட்டு, கண்ணாடி வளையல் என்றுதான் இருந்தாள். ஊரில் ஒரு கல்யாணம் என்றால் மஞ்சள் இடிக்க முதல் கை அம்மாவுடையது. புருஷன் வருவான் என்று காத்திருக்கிறவள் கை பட்டால் நல்லது என்பார்கள். இரண்டு மாதம் முன்பு, ஐப்பசியில், சேலத்தில் என் வீட்டில் அம்மா கண்ணை மூடினாள். "இப்பவாவது வளையல ஒடச்சி அனுப்பலாம்" என்று சித்தப்பா வந்து நின்றார். அம்மா மேல் கை வைத்தால் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சத்தம் போட்டு நிறுத்தினேன். பூவும் பொட்டுமாகத்தான் அனுப்பினேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

எட்டரை மணிக்குச் சின்னசேலம். பனி இன்னும் விலகவில்லை. ஸ்டேஷன் வாசலில் கோதண்டம் நின்றிருந்தார். எங்கள் ஊர் விழாக் குழுவுக்கு எல்லாமே அவர்தான். அம்மா இருந்தவரை அப்பாவுக்குச் சிலை வைக்கும் பேச்சை எடுக்க ஊருக்குக் கூச்சம். அம்மா போனதும் வசதியாகிவிட்டது. பொங்கலுக்குச் சிலை திறப்பு. பழைய கல்லையும் கொண்டுவந்து பீடத்துக்குக் கீழே பதிக்க வேண்டும் என்பது அவர் ஆசை. களத்துமேட்டிலிருந்து என்றைக்கோ காணாமல் போன அந்தக் கல் கல்வராயன் மலையில் நிற்பதை, மரவள்ளிக் கிழங்கு ஏற்றப் போன ஊர்ப் பையன் ஒருவன் பார்த்து, போட்டோ எடுத்து அனுப்பியிருந்தான்.

கோதண்டம் பீடத்தில் பொறிக்க எழுதிய வாசகத்தைப் போனில் காட்டினார். கடைசி வரி இது: 'வருவார் வருவார் என்று வாழ்நாளெல்லாம் காத்திருந்த கற்புக்கரசியின் கணவர்.'

"எப்பிடிங்க கீது?" என்றார்.

"அம்மா பேரையும் போட்டிருக்கலாம்" என்றேன். இடம் பத்தாது என்றார். சிலைக்கு மீசை வைக்க மட்டும் இடம் இருந்தது.

அவர் பிடித்துக் கொடுத்த பிக்கப் வண்டிக்கு வாடகை மூவாயிரம், டீசல் சேர்த்து. டிரைவர் பெயர் செல்வம். கல்லைக் கட்டக் கயிறும் இரண்டு கடப்பாரையும் பின்னால் கிடந்தன. கள்ளக்குறிச்சியில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே டீ குடித்தோம். மாவட்டத் தலைநகரம் ஆனதிலிருந்து வண்டி நிறுத்த இடமில்லை. வெளியூரில் இந்த ஊர் பெயரைச் சொன்னால் சாராயச் சாவைத்தான் கேட்கிறார்கள்.

கச்சிராயபாளையம், கோமுகி அணை, அதற்கு மேல் மலைப்பாதை. கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலைக்கு ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர். வளைவுக்கு வளைவு பனி வந்து கண்ணாடியை மூடியது. செல்வம் ஹாரன் மேலிருந்து கையை எடுக்கவே இல்லை.

"மேல கீறவங்க குடுப்பாங்களா மேடம்?"

"ஏன் குடுக்க மாட்டாங்க? எங்கப்பா கல்லு."

"அதுக்கில்லீங்க. பூச போட்டுகினு இருந்தா சாமி ஆயிருக்கும். சாமியப் போயி கடப்பாரைல..." என்று இழுத்தான்.

"நீ வண்டியை ஓட்டுப்பா" என்றேன். எனக்குக் கோபம் வந்தது. சொந்த அப்பாவின் கல்லைக் கேட்டு வாங்க வேண்டுமா என்ன!

பன்னிரண்டு மணி சுமாருக்கு வெள்ளிமலை. அங்கிருந்து ஆறு கிலோமீட்டர் குறுகலான பாதை. கல் நிற்கிற சிற்றூரின் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் வேறு யாராவது கடப்பாரையோடு போவார்கள்.

பாறை மேல் சாமை காயப் போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண் வண்டியைப் பார்த்ததும் எழுந்து வந்தார். அறுபது வயதிருக்கும். பெயர் காளியம்மா என்று பிறகு தெரிந்தது. என் முகத்தை ஒரு முறை பார்த்தார். அப்புறம் என்னைத் தாண்டி வண்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"அம்மா வரலீங்களா?" என்றார்.

"எந்த அம்மா?"

"சேலத்தம்மாதாங்க. மார்கழி பொறந்து இம்மாம் நாளாச்சி. வண்டி சத்தம் கேக்கச்சொல்ல எல்லாம் பாத்துகினு கீறேன். நீங்க அவங்க பொண்ணுதான? அதே மூஞ்சி."

அம்மா இறந்துவிட்டாள் என்று சொன்னேன். காளியம்மா சாமை ஒட்டிய கையோடு வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே பாறையில் உட்கார்ந்துவிட்டார். என் வீட்டுச் சாவுக்கு வந்தவர்களில் பாதிப் பேர் இப்படி அழவில்லை.

ஊரைத் தாண்டி ஒரு பலா மரத்தடியில் கல் நின்றது. நெஞ்சு உயரம். எங்கள் பக்கத்துச் சிற்பிக்கு வீரன் என்றால் குதிரை ஏறியவன்தான் தெரியும். விமானத்தை மீன் மாதிரிச் செதுக்கி, அதன் முதுகில் அப்பாவைக் கால் பரப்பி உட்கார வைத்திருந்தான். இடுப்பில் வாள் வேறு. விமானப் படையில் பார்த்திருந்தால் சிரித்திருப்பார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது.

கீழே பெயர். அதற்குக் கீழே 'தோற்றம்' என்று போட்டு வருஷம். அடுத்து 'மறைவு' என்று மட்டும் வெட்டியிருந்தது. அதற்குப் பக்கத்தில் எதுவும் வெட்டவில்லை. உடம்பு வராத ஆளுக்கு எந்தத் தேதியை வெட்டுவது? ஆனால் அந்த இடம் வெறுமையாக இல்லை. குங்குமம் அடை அடையாகக் காய்ந்து, கறுத்து, விரல் தடிமனுக்கு அப்பியிருந்தது. கல்லில் வேறெங்கும் குங்குமம் இல்லை.

"அது நாங்க வெச்சதில்ல" என்றார் காளியம்மா. "அம்மா வெச்சது."

அவர் சொன்னது இதுதான். அவருடைய மாமனார் வெள்ளையன், சாமையும் கடுக்காயும் விற்க எங்கள் ஊருக்கு இறங்கி வந்து, எங்கள் களத்தில் தங்கிப் போகிறவர். அப்பா சின்னப் பையனாக இருந்தபோது அவர் பின்னாலேயே மலை ஏறித் திரிந்தாராம். கல் குப்புறக் கிடந்ததைப் பார்க்கப் பொறுக்காமல், தாத்தாவுக்குத் தெரியாமல் மாட்டு வண்டியில் அடிவாரம் வரை கொண்டுவந்து, ஆட்களோடு தோள் மாற்றித் தோள் மாற்றி மேலே ஏற்றியிருக்கிறார். நட்ட பிறகு அம்மாவுக்கு மட்டும் சொல்லியனுப்பினார்.

"மொத தபா உங்கள இடுப்புல வெச்சிகினு வந்தாங்களாம். எங்க மாமனாரு சொல்லுவாரு. அதுக்கப்பறம் வருசா வருசம் மார்கழில ஒரு நாளு. தனியாதான் வருவாங்க."

'நிலத்தைப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன்' என்று அம்மா வருஷத்துக்கு ஒரு தடவை கிளம்புவாள். நிலத்தை விற்ற பிறகும் கிளம்பினாள். குத்தகைக்காரன் வீட்டு விசேஷம் என்றாள். நான் ஒரு நாளும் சந்தேகப்படவில்லை.

"வந்து என்ன பண்ணுவாங்க?" என்றேன்.

"இன்னா பண்ணுவாங்க? நெத்தில கீறத வழிச்சி, அதோ அந்த எடத்துல அப்புவாங்க. வளையல இந்தக் கல்லுலயே தட்டி ஒடைப்பாங்க. அப்பறம் உக்காந்து அழுவாங்க பாருங்க, நாங்க யாரும் கிட்டப் போவ மாட்டோம். அழுது முடிச்சா சாமைச் சோறு துன்னுட்டுக் கெளம்புவாங்க."

அப்போதுதான் தரையைப் பார்த்தேன். கல்லைச் சுற்றி மண்ணில் கண்ணாடித் துண்டுகள். பச்சை, சிவப்பு, மஞ்சள், ஊதா. என் கல்யாணத்தில் அம்மா போட்டிருந்த நெல்லிக்காய்ப் பச்சை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அதுவும் அங்கே கிடந்தது.

"ஏன் கீழயே அழிச்சிருக்கக் கூடாது? தாத்தாதான் போயிட்டாரே!" என்று கத்திவிட்டேன், காளியம்மா என்னமோ குற்றம் செய்தவர் மாதிரி.

"நானும் கேட்டேங்க. மொதல்ல உங்க தாத்தா உசுரு போயிடும்னாங்க. அப்பறம் பொண்ணு கல்யாணம் ஆவட்டும்னாங்க. அதுக்கப்பறம் ஊரே கூப்புட்டு கூப்புட்டு மஞ்ச இடிக்கச் சொல்லுது, இனிமே இன்னான்னு சொல்றது காளியம்மான்னு சிரிச்சாங்க."

எனக்காகவும்தான்.

"எப்பிடி அனுப்புனீங்க அவங்கள?" என்று காளியம்மா மெதுவாகக் கேட்டார்.

"பூ, பொட்டு, வளையலோட."

அவர் கல்லைப் பார்த்தார். "சரி வுடுங்க" என்றார். "அழ வேண்டியதெல்லாம் அவங்க இங்கயே அழுது முடிச்சிட்டாங்க."

செல்வம் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு தயாராக நின்றான். காளியம்மா கல்லுக்கு முன்னால் வந்து நிற்கவில்லை, தடுக்கவும் இல்லை. "உங்கப்பா கல்லு. நீங்க எடுத்துகினு போனா நாங்க இன்னா சொல்ல முடியும்?" என்றார். அந்தக் குங்கும அடையைத் தொட்டுப் பார்த்தேன். கடப்பாரை பட்டால் உதிர்ந்துவிடும்.

"கயித்தச் சுருட்டு செல்வம். கல்லு வராது. நீ வண்டிய எடுத்துட்டுப் போ, நான் பஸ்ல வர்றேன்."

"காலி வண்டியாங்க?"

"வாடகை முழுசா வாங்கிக்கோ."

வெள்ளிமலைக்குப் போகிற வேறொரு வண்டியில் என்னை ஏற்றிவிட வந்த காளியம்மா இன்னொன்றும் சொன்னார். அம்மா இங்கே மறுபடி பொட்டு வைக்க மாட்டாளாம். கீழே போய் வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லி, வெறும் நெற்றியோடும் வெறும் கையோடும்தான் பஸ் ஏறுவாளாம். அப்படியானால் புது வளையல் கள்ளக்குறிச்சியில்தான் போட்டிருக்க வேண்டும். அங்கே பஸ் மாறும்போது.

வெள்ளிமலையில் மூன்றே முக்கால் பஸ். ஜன்னல் சீட் கிடைத்தது. பஸ் நகர்ந்ததும் என் நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்து ஜன்னல் கம்பியில் ஒட்டினேன். என் வீட்டுக்காரர் அந்த நேரம் சேலத்தில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார், அவருக்கு ஒரு தலைவலிகூட வரவில்லை. பக்கத்தில் இருந்த பெண் என் நெற்றியையும் அழுத கண்ணையும் பார்த்துவிட்டு, "யாருங்க தவறிட்டாங்க?" என்று கேட்டார்.

"எங்கப்பா."

"அடப் பாவமே! எப்பங்க?"

"எழுபத்தொண்ணுல. சண்டைல செத்துட்டாரு."

காணவில்லை என்று சொல்லாமல் செத்துவிட்டார் என்று நான் சொன்னது அதுதான் முதல் தடவை. அந்தப் பெண் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். பஸ் வளைந்து வளைந்து இறங்கியது. வெள்ளிமலையிலிருந்து கள்ளக்குறிச்சி வரை நாற்பது கிலோமீட்டர், ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். வருஷத்துக்கு ஒரு தடவை அந்தத் தூரம் மட்டும்தான் என் அம்மா கைம்பெண்ணாக இருக்க முடிந்தது. தெரிந்தவர் யாரும் ஏறாத பஸ்ஸில்.

கள்ளக்குறிச்சியில் இறங்கும்போது கோதண்டம் போனில் கூப்பிட்டார். "மேடம், வண்டி காலியா வருதுன்றான்! கல்லு இன்னாங்க ஆச்சி?"

"அங்கயே இருக்கட்டும்."

"பீடம் கட்டியாச்சுங்களே! அப்ப எழுத்து மட்டும் வெட்டிரச் சொல்லட்டுமா?"

"வெட்டுங்க. கடைசி வரிய மட்டும் எடுத்துருங்க."

"எது, காத்திருந்தாங்கன்னு போட்டமே, அதுவா? அதான்ங்க ஊருக்கே பெரும!"

பஸ் ஸ்டாண்டு ஓரத்து வளையல் கடையில் விளக்குப் போட்டுவிட்டார்கள். என் வெறும் நெற்றியைப் பார்த்துக் கடைக்காரப் பெண் கூப்பிடலாமா வேண்டாமா என்று தயங்கி நின்றாள்.

"எங்கம்மா காத்திருக்கல, கோதண்டம்" என்றேன். "அவளுக்கு மொதல்லயே தெரியும்."