நாலு மணி மருந்து

போன செவ்வாய்க்கிழமை நாலு மணி மருந்தைப் பிள்ளைக்குக் கொடுத்தேனா, இல்லையா?

ஒரு வாரம் ஆகிவிட்டது. இன்னும் எனக்குத் தெரியவில்லை.

பத்து மாதப் பிள்ளை. அன்றோடு ஐந்து நாளாகக் காய்ச்சல். அவனோடு சேர்ந்து நானும் ஐந்து நாளாகத் தூங்கவில்லை. டிஸ்பென்சரியில் இனிப்பு மருந்து ஒன்று கொடுத்தார்கள். பாட்டிலின் பக்கவாட்டில் ஒரு காகிதப் பட்டை, அதில் மருந்து மட்டம் பார்க்க வேளைக்கு ஒன்றாக வெட்டுக்குறி. "பன்னிரண்டுக்கு ஒண்ணு, நாலுக்கு ஒண்ணு. கூடினா, எழுப்பினாலும் பிள்ளை எழாதும்மா," என்றார் கம்பவுண்டர்.

இனிப்பு என்றால் எங்கள் ஜாலான் புசார் தெரு எறும்புகள் விடுமா? சர்க்கரை டப்பாவை வைப்பதுபோல மருந்துப் பாட்டிலையும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தி வைத்தேன். பெரிய கெட்டிக்காரி என்று நினைப்பு!

சாயங்காலம் பார்த்தால் காகிதப் பட்டை ஊறிக் கழன்று மிதக்கிறது.

மணி நாலேகால். மழை வரப்போகிற இருட்டு. பிள்ளை தொட்டிலில் தூங்குகிறான், உடம்பு சுடுகிறது. என் கையில் கழுவிய ஸ்பூன். கழுவியது கொடுப்பதற்கு முன்பா... கொடுத்த பிறகா?

கொடுக்காவிட்டால் காய்ச்சல் ஏறும். மறுபடி கொடுத்தால்...

கீழ்வீட்டு பாக்கியம் அக்காவைக் கூப்பிட்டேன். கிண்ணத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"எறும்புக்குப் பயந்து குறியை ஊறப் போட்டியாக்கும்? படிச்ச பொண்ணு! இப்ப ஒண்ணும் கொடுக்காதே. பிள்ளையை நான் பாத்துக்கறேன். செத்த நேரம் கண்ணை மூடு, ஞாபகம் தன்னால வரும்."

பள்ளிக்கூடத்திலும் எனக்கு அப்படித்தான். ராத்திரி எத்தனை முறை சொன்னாலும் நிற்காத செய்யுள், தூங்கி எழுந்தால் நாக்கில் காத்திருக்கும். படுத்தேன்.

மழை. சிராங்கூன் ரோட்டு டிராம் மணி, தண்ணீருக்கு அடியில் அடிப்பதுபோல எங்கோ... பிள்ளையை மடியில் சாய்த்து மருந்து புகட்டுகிறேன். நாக்கைச் சுழற்றுகிறான். உதட்டைச் சேலைத் தலைப்பால் துடைக்கிறேன். காகிதப் பட்டை படகாகி, மெல்ல, மெல்லப் போகிறது.

துள்ளி எழுந்தேன். "கொடுத்துட்டேன் அக்கா! பார்த்தேன்!"

"எங்கேடி பார்த்தே?"

தலைப்பை முகர்ந்தேன். சோம்பு வாசனை. பன்னிரண்டு மணி மருந்துக்கும் அதே வாசனைதானே?

ஆபீஸ் விட்டு வந்த கணவர், "கனவுல கொடுத்த மருந்து காய்ச்சலுக்குக் கேக்குமா?" என்று சிரித்தார். சிரித்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் டிஸ்பென்சரிக்கு ஓடினார்.

அவர் திரும்புவதற்குள் பிள்ளை விழித்துக்கொண்டு பாலுக்குக் கத்தினான். அந்த அழுகையைக் கேட்டு நானும் அழுதேன்.

"சந்தேகம்னா கொடுக்கக் கூடாதாம். ஒரு வேளை தவறினா பரவாயில்லையாம்," என்றபடி மூச்சிரைக்க வந்தார் கணவர். மறுநாள் காய்ச்சல் இறங்கியது.

தூங்காத மூளை நடந்ததை எழுதி வைப்பதில்லை போலிருக்கிறது. தூங்கிய மூளையோ, எழுதாததையும் அழகாக வாசித்துக் காட்டுகிறது! இரண்டில் எதை நம்புவது?

இப்போது டானிக். ஒவ்வொரு வேளைக்கும் சுவரில் கரிக்கோடு போடு என்றார் அக்கா. போடுகிறேன். இன்று காலை சுவரில் இரண்டு கோடு இருக்கிறது. நான் போட்டது ஒன்றுதான் என்று... நினைக்கிறேன்.

பிள்ளை வளர்த்தவர்களே, வேறு வழி தெரிந்தால் தயவுசெய்து சீக்கிரம் எழுதுங்கள்.