ஈசானி மூலையில் ஒரு விரல்

எறையூர் தங்கராசுவின் மகள் பரிமளா, வகுப்பறையில் தொழில்நுட்பம் என்ற தலைப்பில் பேசி இரண்டு கோப்பைகள் வாங்கியிருந்தாள். அந்த இரண்டு பேச்சையும் பேசிய காலத்தில் அவள் ஒரு ஸ்மார்ட் போர்டைக் கண்ணால் பார்த்ததில்லை. பார்க்காத பொருளைப் பற்றிப் பேசும்போது தடுமாற்றமே வராது. அது அவளுக்குப் பெரிய வசதியாக இருந்தது. பெரம்பலூரில் அவள் பி.எட். படித்த கல்லூரியின் மேடையில், "நாளைய ஆசிரியரின் கையில் சாக்பீஸ் இருக்காது, உலகமே இருக்கும்" என்று முடித்தபோது கைதட்டல் அடங்க நேரமானது. பேச்சின் நடுவில் மைக் இரண்டு தடவை நின்றுபோனதை யாரும் சகுனமாக எடுத்துக்கொள்ளவில்லை.

கோப்பைகளின் பலனை முழுதாக அனுபவித்தவர் தங்கராசுதான். சர்க்கரை ஆலை வாசலில் கரும்பு வண்டியோடு வரிசையில் நிற்கும்போது, முன்னால் நிற்பவருக்கும் பின்னால் நிற்பவருக்கும் மகள் டீச்சராகிவிட்ட செய்தியைச் சொல்லி முடித்திருந்தார். இன்னும் பயிற்சியே முடியவில்லை என்று பரிமளா சொன்னால், "நெல்லு அறுக்கறதுக்கு முன்னாடியே அது நெல்லுதானம்மா" என்று வாயை அடைத்துவிடுவார். ஆக, அவள் தேறியாக வேண்டியிருந்தது. தேறாவிட்டால் ஆலை வரிசை முழுவதற்கும் விளக்கம் சொல்ல வேண்டிவரும்.

பயிற்சிக்கு அவளுக்குக் கிடைத்தது அரியலூர்ச் சாலையோரத்தில் ஒரு நடுநிலைப் பள்ளி. சுண்ணாம்புக்கல் லாரிகள் போகிற வழி. பள்ளியின் வேப்பமரம் வருஷத்தில் எட்டு மாதம் வெள்ளை மரமாகவே நிற்கும். பிள்ளைகள் புது டீச்சருக்குப் பூ கொண்டுவருவதற்குப் பதிலாக, சுண்ணாம்புச் சுரங்கத்தில் கிடைக்கிற, கல்லாகிப்போன சிப்பி கொண்டுவந்து மேசையில் வைத்தார்கள். முதல் வாரத்திலேயே அவள் மேசை ஒரு சின்னக் கடற்கரையாகிவிட்டது.

ஸ்மார்ட் போர்டு அவளுக்கு முன்பே அந்தப் பள்ளிக்கு வந்து சேர்ந்திருந்தது. எட்டாம் வகுப்பின் வடக்குச் சுவரில், பூப்போட்ட உறை போர்த்திக்கொண்டு, கோடைக்கு ஊருக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி யார் கையும் படாமல் இருந்தது. உறையைத் தைத்தவர் தலைமை ஆசிரியை ரத்தினம்மாள். இருப்பதிலேயே விலை உயர்ந்த பொருள், கெட்டுவிடக் கூடாது. கெடாமல் இருப்பதற்கு நிச்சயமான ஒரே வழி அதைப் பயன்படுத்தாமல் இருப்பதுதான் என்பது அவருடைய முப்பது வருஷ அரசுப் பணி கற்றுத் தந்த பாடம். அதில் பிழை சொல்லவும் முடியாது. அந்தப் பள்ளியில் 1998-இல் வந்த ரேடியோ இன்னும் புதுசு.

பரிமளா கெஞ்சி உறையை எடுக்க வைத்தாள். கூடவே வந்திருந்த விளக்கப் புத்தகத்தை எடுத்துப் படித்தாள். அந்த மாவட்டத்தில் அதை முழுவதும் படித்தவர் வேறு யாரும் இருந்திருக்க மாட்டார்கள். எழுதியவரே திரும்பப் படித்திருப்பாரா என்பது சந்தேகம். பிறகு போர்டில் பிள்ளைகளுக்குக் கோள்களைச் சுற்றவிட்டாள், தவளையைத் திறந்து காட்டினாள், ஒரு சொட்டு ரத்தமும் சிந்தவில்லை. வகுப்பு மயங்கியது. உண்மையைச் சொன்னால், பாடத்தில் எவ்வளவு மயங்கியது, வெளிச்சத்தில் எவ்வளவு மயங்கியது என்று பிரித்துப் பார்க்க அவள் விரும்பவில்லை.

கல்லூரியிலிருந்து பேராசிரியர் வந்து உட்கார்ந்து பார்க்கும் வகுப்பு ஒன்று பாக்கி இருந்தது. அதில் தேறவில்லை என்றால் பயிற்சி முழுவதையும் அடுத்த வருஷம் மறுபடி செய்ய வேண்டும். 'ஒளி' பாடத்தை எடுத்துக்கொண்டு, படம் படமாகப் போர்டுக்குத் தயார் செய்து வைத்தாள்.

"சார்ட் ஒன்னும் எழுதி வச்சிக்கம்மா" என்றார் ரத்தினம்மாள்.

"எதுக்குங்க டீச்சர், அதான் போர்டு இருக்கே."

"கரண்டு போனா?"

"யூபிஎஸ் இருக்குங்க."

"யூபிஎஸ்ஸும் போனா?"

"பேச வேண்டியதுதாங்க. அதுக்குத்தான் கோப்பை குடுத்துருக்காங்க."

ரத்தினம்மாள் சிரித்துவிட்டு, சார்ட் பேச்சை விட்டுவிட்டார். வகுப்புக்குக் குறித்த நாள், ஆயுத பூஜை விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் நாள்.

விடுமுறைக்கு முந்தின நாள் பள்ளியில் பூஜை நடந்தது. பொரி, கடலை, வாழைக்கன்று, எல்லாம் முறைப்படி. ரத்தினம்மாள் சந்தனக் கிண்ணத்தோடு கிளம்பினால் எதையும் விட மாட்டார். பீரோ, தண்ணீர் மோட்டார், மணி, எடை பார்க்கும் மெஷின், சத்துணவுக் கூடத்துப் பெரிய கரண்டி என்று எல்லாவற்றுக்கும் பொட்டு. போர்டின் முன்னால் வந்ததும் மட்டும் யோசித்தார். கண்ணாடியில் வைத்தால் கறையாகிவிடும். அந்த அளவு தொழில்நுட்ப அக்கறை அவருக்கு இருந்தது. ஆகவே நாற்காலி போட்டு ஏறி, சட்டத்தின் உள்விளிம்பில், வலது மேல் மூலையில், அதாவது ஈசானி மூலையில், பெருவிரலால் தாராளமாக ஒரு சந்தனப் பொட்டு. அதன் மேல் குங்குமம். பிறகு பூப்போட்ட உறையைப் போர்த்தினார். பரிமளாதான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

பள்ளி திறந்த அன்று காலை பேராசிரியர் ராசாங்கம் ஹெல்மெட்டோடு வந்து இறங்கினார். தலையிலும் தோளிலும் சுண்ணாம்புத் தூசி. எந்தப் பாடத்தைப் பாராட்டினாலும் நடுவில் ஒரு 'ஆனா' வைத்துப் பேசுகிறவர் என்று கல்லூரியில் பெயர். ரத்தினம்மாளும் அவரும் கடைசி வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள்.

பரிமளா உறையை எடுத்துவிட்டுப் பாடத்தைத் திறந்தாள். சூரியன் ஒன்று எழுந்தது. எழுந்த வேகத்தில் மறைந்தது. பாடம் தானாக மூடிக்கொண்டது.

மறுபடி திறந்தாள். மறுபடி மூடியது. நாகரிகமாகச் சிரித்தாள். நிறுத்திவிட்டுப் போட்டாள். உலகத்தில் எல்லா இயந்திரத்துக்கும் நமக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் அதுதான். போர்டு விழித்தது, பாடம் திறந்தது, மூடியது.

"டீச்சர், போர்டுக்கு லீவு இன்னும் முடியல போலருக்கு" என்றான் முதல் வரிசையிலிருந்த பிரசாத்.

வகுப்பு சிரித்தது. ராசாங்கம் சிரிக்கவில்லை. "சார்ட் இருக்காம்மா?" என்றார், மெதுவாக, அக்கறையோடு. இல்லை என்று பரிமளா தலையாட்டினாள். 'நான் சொன்னேனே' என்பதுபோல ரத்தினம்மாள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

பரிமளா போர்டையே பார்த்தாள். திறந்த பாடத்தை மூடுவதற்கு ஒரே வழி, வலது மேல் மூலையில் இருக்கும் பெருக்கல் குறியைத் தொடுவது. யாரோ அதைத் தொட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அங்கே யாரும் இல்லை. அங்கே இருந்தது ஒரு பொட்டு.

'சட்டத்தின் உள்விளிம்பில் எதுவும் ஒட்டியிருக்கக் கூடாது' என்ற விளக்கப் புத்தகத்தின் வரி அவளுக்கு அப்போது புரிந்தது, படித்தபோது புரிந்திருக்கவில்லை. துடைத்துவிட்டால் போதும், அரை நிமிஷ வேலை. கை துப்பட்டாவைப் பிடித்தும்விட்டது. ஆனால் பூஜைப் பொட்டை, வைத்தவர் கண் முன்னாலேயே எப்படி அழிப்பது. பொட்டை அழிக்கிறேன் என்று வாயால் சொல்லவே இந்தப் பக்கத்தில் பெண்கள் கூசுவார்கள். துப்பட்டாவை விட்டுவிட்டு வகுப்பின் பக்கம் திரும்பினாள்.

"சரி, நான் தொறக்குறேன், யாரோ மூடுறாங்க. யாரா இருக்கும்?"

"வைரஸ் டீச்சர்."

"பேயி."

"தூசி டீச்சர். எங்கப்பா லாரியே தூசியில நின்னு போயிருச்சு."

"சென்னையிலேருந்து ஆபீசர் மூடுறாங்க டீச்சர்" என்றாள் ஆர்த்தி. கடைசி வரிசை இதைக் கேட்டு ஒரு கணம் யோசித்தது.

"பிரசாத், பென்சில எடுத்துக்கிட்டு வா. கண்ணாடியத் தொடக் கூடாது. கிட்ட மட்டும் கொண்டு போ."

பிரசாத் போனான். பென்சில் கண்ணாடியைத் தொடுவதற்கு முன்பே திரையில் ஒரு வட்டம் தோன்றியது. அவன் கையை இழுத்துக்கொண்டான். வட்டம் போனது. மறுபடி நீட்டினான். வந்தது.

"டேய், தொட்டுட்ட நீ."

"தொடலடா. நீ வந்து பாரு."

பார்க்க எல்லோரும் வந்துவிட்டார்கள். பென்சில், ஸ்கேல், ஒரு சிப்பிக்கல், ஆர்த்தியின் ஜடை நுனி என எதைக் கொண்டுபோனாலும் வட்டம் வந்தது. கண்ணாடியைத் தொடாதே என்று இவ்வளவு நாளும் திட்டு வாங்கிய வகுப்பு, தொடாமலே அதை ஆட்டிவைத்தது.

"தொடாமயே அதுக்கு எப்படித் தெரியுது?" என்றாள் பரிமளா. "இந்தச் சட்டத்துல இந்த ஓரத்துலேருந்து அந்த ஓரத்துக்கு, மேலேருந்து கீழ, வெளிச்சம் ஓடிக்கிட்டே இருக்கு. நம்ம கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம். பென்சில் குறுக்க போனா?"

"மறைக்கும்."

"வளைஞ்சு சுத்திக்கிட்டுப் போவாதா?"

"வெளிச்சம் எங்க டீச்சர் வளையும். நேராத்தான் போவும்" என்றான் பிரசாத், எரிச்சலாக. இவ்வளவு சின்ன விஷயத்தை டீச்சர் கேட்கிறாரே என்று.

பரிமளா அவனை இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டுமல்லவா.

"அப்ப பென்சிலோட நிழல் அந்த ஓரத்துல விழுது. நிழல் விழுந்த எடத்துல விரல் இருக்குன்னு போர்டு நெனச்சுக்குது. சரி, இப்ப யாரும் கை நீட்டல. ஆனா மேல அந்த மூலையில யாரோ விரல வச்சிக்கிட்டே இருக்காங்க. யாரு?"

முப்பது தலைகளும் ஈசானி மூலையைப் பார்த்தன. பிறகு முப்பது தலைகளும் திரும்பிக் கடைசி வரிசையில் ரத்தினம்மாளைப் பார்த்தன.

"பெரிய டீச்சரோட விரல்" என்றாள் ஆர்த்தி.

ராசாங்கம் இருமினார். அது சிரிப்பு என்று எல்லோருக்கும் தெரிந்தது. ரத்தினம்மாளின் முகம் முதலில் சிவந்தது, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக மலர்ந்தது. பள்ளிக்கு வந்ததிலேயே விலை உயர்ந்த இயந்திரம் விடுமுறை முழுவதும் தன் விரலுக்குக் கட்டுப்பட்டு இருந்திருக்கிறது என்பதில் அவருக்கு ஒரு பெருமை கூட வந்திருக்கலாம்.

"டீச்சர், சந்தனம் கொஞ்சம் இருக்குங்களா?" என்றாள் பரிமளா. "பொட்ட அழிக்க வேணாங்க. வெளிப்பக்கமா ஒன்னு வச்சிட்டீங்கன்னா, பழசு அங்க குடிபோயிரும்."

ரத்தினம்மாள் தன் அறைக்குப் போய்க் கிண்ணத்தை எடுத்து வந்தார். நாற்காலி போட்டு ஏறினார். சட்டத்தின் வெளிப்பக்கம், அதே மூலையில், புதிதாக ஒரு பொட்டு. குங்குமம் வைத்து, ஒரு கணம் கண் மூடினார். "இப்பத் தொடச்சிக்க" என்றார். காய்ந்து இறுகியிருந்த பழைய பொட்டை பரிமளா ஈரத்துணியால் எடுத்தாள்.

பாடத்தைத் திறந்தாள். சூரியன் எழுந்தது, நின்றது. கதிர்கள் நேராக இறங்கின. கீழே கொட்டை எழுத்தில், 'ஒளி நேர்கோட்டில் செல்லும்.'

கைதட்டல் ஓய்ந்ததும் பிரசாத் சொன்னான்: "இதைத்தான் அப்பவே பாத்துட்டமே டீச்சர்."

உழைத்துச் செய்த பதினெட்டுப் படங்களில் அவள் காட்டியது அந்த ஒன்றைத்தான். மிச்சம் இருந்த நேரத்தில், போர்டை ஏமாற்ற முடியாத பொருள் எது என்று பிள்ளைகள் தேடினார்கள். கண்ணாடி வளையல் ஏமாற்றுமா, ஈரப் பாலித்தீன் ஏமாற்றுமா என்று வாக்குவாதம் நடந்தது. மணி அடித்தும் யாரும் கலையவில்லை. அடுத்த பாடவேளைக்கு வந்த கணக்கு சார் வாசலில் நின்று பார்த்துவிட்டு, தானும் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

ஒருவழியாகப் பிள்ளைகளை வேப்பமரத்தடிக்கு அனுப்பியபின் ராசாங்கம் எழுந்து வந்தார்.

"நல்லாருந்துச்சும்மா. ஆனா நீ எழுதிக் குடுத்த பாடத்திட்டத்துல இது ஒன்னுமே இல்லையே."

"இல்லைங்க சார்."

"போர்டு ஒழுங்கா ஓடியிருந்தா?"

பரிமளாவுக்குப் பொய் சொல்ல வாய்ப்பு இருந்தது. மேடையாக இருந்திருந்தால் சொல்லியிருப்பாள். "சுமாராத்தாங்க சார் போயிருக்கும். படம் பாத்துட்டு வூட்டுக்குப் போயிருப்பாங்க."

"அப்ப டெக்னாலஜி வேணாம்ங்கறியா?"

"வேணுங்க சார். அது இல்லாட்டி இத எத வச்சி நான் நடத்தியிருப்பேன். ஆனா அதோட உள்ளயும் பிள்ளைங்களக் கூட்டிக்கிட்டுப் போவணும்னு தோணுதுங்க. நான் இத்தன நாளா வெளியிலயே நிறுத்தி வச்சிருந்தேன்."

"அதுக்காகத் தெனமும் ஒரு ரிப்பேர் வருமா?"

"நம்ம ஊர்ல வருங்க சார்."

ராசாங்கம் இந்தத் தடவை இருமவில்லை, நேராகவே சிரித்தார். மதிப்பெண் போடும் இடத்தில் 'தொழில்நுட்பப் பயன்பாடு' என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது. சந்தனத்தை எதில் சேர்ப்பது என்று அவருக்கு விளங்கவில்லை. கடைசியில் முழு மதிப்பெண் போட்டு, கையெழுத்தும் போட்டார்.

"தேறிட்டம்மா. போய் வூட்டுக்கு ஒரு போனப் போடு."

அவள் போனைத் தேடிக்கொண்டு வாசல் வரை போனாள். உள்ளே ராசாங்கம் ஹெல்மெட்டைக் கையில் எடுத்தார், திரும்பவும் மேசையில் வைத்தார். யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, சுண்டுவிரலைக் கண்ணாடியைத் தொடாமல் மெல்ல நீட்டினார். வட்டம் வந்தது. எடுத்தார். மறுபடி நீட்டினார்.