சும்மா கிடக்கிற காணி

மண்ணைக் கொத்தாமல் கிழங்கு நடுகிற தொழிலில் முதுகு நோகாது, காதுதான் நோகும். அட்டாளைச்சேனையில் மாமாவுக்கு, அதாவது என் மனைவியின் வாப்பாவுக்கு, ஒரு துண்டுக் காணி இருந்தது. "ஒரு போகம் பாப்பன். விளைஞ்சா மகள்ட பேருக்கு எழுதுவன், இல்லாட்டிக் கடை கட்டக் குடுத்திருவன்" என்றார். ஊர் வாயில் விழுந்து எழும்பிய விவசாயிகளே, நீங்களாவது என் கதையைக் கேளுங்கள்.

அலவாங்கு

அலவாங்குக் கம்பியால் சின்னச் சின்னக் குழி போட்டு வத்தாளைக் கிழங்குக் கொடி நட்டேன். மேலே வரிப்பத்தான்சேனை வயலில் இருந்து ஏற்றி வந்த வைக்கோலைப் பரப்பினேன். என் மச்சான், மனைவியின் தம்பி, மோட்டார் சைக்கிளில் வந்தான். உழவு மெஷின் வைத்திருக்கிற ஆள். அது இரையாமல் புல்லும் முளைக்காது என்பது அவனுடைய எண்ணம். இறங்கக்கூட இல்லை. "மச்சான், சோம்பலுக்கும் இப்ப விவசாயம் எண்டா பேரு?"

வைக்கோல்

பக்கத்து வளவு ஹாஜியார் ஒருநாள் தன் மாட்டை அவிழ்த்து என் காணிக்குள் விட்டார். மாடு வைக்கோலோடு கொடியையும் இழுத்துத் தின்றது. ஓடிப்போய்க் கத்தினேன். அந்த மனிசனுக்கு வெட்கம் ஒரு துளியும் இல்லை. "என்ன தம்பி கோவிக்கிறீங்க? சும்மா கிடக்கிற காணிதானே!"

சும்மாவாம்! முழங்கால் தேய மண்டியிட்டு புல் பிடுங்கியது யாராம்? பிய்ந்த கொடியையெல்லாம் திரும்ப நட்டேன்.

அளவு நாடா

கொஞ்ச நாளில் மாமா ஒரு கடைக்காரரோடு வந்து நாடா பிடித்துக் காணியை அளந்தார். மாமா போகும்போது காலால் மண்ணைத் தட்டிப் பார்த்தார். "இறுகிப் போய்க் கிடக்கே மகன், கிழங்கு எங்க போய்ப் பருக்கிற?"

நொத்தாரிசு

மாரி வந்தது. மச்சான் தன் காணியில் உழுது கட்டிய பாத்தியெல்லாம் கரைந்து ரோட்டுக்குப் போனது. என் வைக்கோல் கிடந்த இடத்தில் கிடந்தது. மழை விட்டதும் மாமாவுக்கு முன்னால் அதை விலக்கிக் கொடியைப் பிடித்து இழுத்தேன். ஒவ்வொரு கிழங்கும் என் முழங்கைத் தடிப்பு. மாமா ஒன்றை எடுத்துப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "நாளைக்குக் காணி எழுத நொத்தாரிசுட்டப் போவம் மகன். மகளையும் கூட்டிட்டு வாங்க."

உரப்பை

மறுநாள் மச்சான் வெறும் உரப்பையோடு வந்து நின்றான். இந்த முறை இறங்கினான். பையை விரித்துப் பிடித்துக்கொண்டு பல்லைக் காட்டினான். "மச்சான், சும்மா கிடந்த காணியில விளைஞ்சதுதானே, எனக்கும் ஒரு பை சும்மா தாங்களன்!"

கொத்தாமலே எங்கள் ஊரில் விளைகிறவை இரண்டு, ஒன்று என் கிழங்கு, மற்றது ஊர் வாய், அதிலும் வாய்க்குத்தான் விளைச்சல் கூட.