டெலித் தோட்டத்துக்குத் திரும்புமுன்

தோட்டத்து ஊழியத்துக்குப் போகிறவனுக்குப் புலியைப் பற்றிச் சொல்லித் தருவார்கள், அட்டைக்கடியைப் பற்றிச் சொல்லித் தருவார்கள். லீவில் வந்து அடுத்தவர் வீட்டில் குடும்பத்தோடு தங்குவது எப்படி என்று மட்டும் ஒருவரும் சொல்லித் தருவதில்லை.

சுமத்திரா தீவில் டெலிப் பக்கத்துப் புகையிலைத் தோட்டங்களில் அந்தக் காலத்தில் தமிழ்க் கூலிகள் நிறைய இருந்தார்கள். அவர்களுக்காகச் சிங்கப்பூர் மிஷன் அனுப்பிய உபதேசியார் நான். சில வருஷங்களுக்கு ஒருமுறை எங்களைத் திரும்ப அழைத்துச் சில மாதம் சிங்கப்பூரில் வைத்திருப்பார்கள். அதற்குப் பர்லோ என்று பேர். முதல் பர்லோவுக்கு நாங்கள் நான்கு பேராக வந்தோம். நான் சொல்லப்போவது இரண்டாவது பர்லோ. ஊரில் மின்சார டிராம் ஓடத் தொடங்கியிருந்த சமயம். அப்போது வந்தது மூன்று பேர்: நான், மனைவி பாக்கியம், மகள் ரூத். மகன் சாமுவேலை விஷக்காய்ச்சலுக்குக் கொடுத்து, தோட்டத்து ஓரத்தில் அடக்கம் செய்துவிட்டு வந்திருந்தோம்.

மிஷனில் ஒரு வழக்கம். பிள்ளைக்கு எட்டு வயது ஆகிவிட்டால் சிங்கப்பூரில் மிஷனின் போர்டிங் பள்ளியில் விட்டுவிட்டுத்தான் தாய் தகப்பன் கடல் கடக்க வேண்டும். ரூத்துக்கு அந்த வருஷம் எட்டு வயது. திரும்பும்போது நாங்கள் மூன்று பேரா, இரண்டு பேரா? அந்தப் பர்லோ முழுக்க எங்கள் நெஞ்சில் இருந்தது இந்த ஒரு கேள்விதான். பாக்கியம் இருந்தால் என்னைவிடச் சுருக்கமாகச் சொல்வாள். அவள் போய் வெகுகாலம் ஆயிற்று. பெட்டியும் பிள்ளையுமாகப் பிறர் வாசலில் நின்று பழகியவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். உங்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டாம்.

ஞானம்மா கொடுத்த பாய்

ஜாலான் புசார் பக்கம் ஒரு மாடி அறை. சபை மூப்பர் மாசிலாமணியின் வீடு. அவர் மனைவி ஞானம்மா நல்லவள். நல்லவர்கள் வீட்டில் தங்குவதுதான் கஷ்டம். கோபித்துக்கொண்டு கிளம்ப முடியாது. பிள்ளை ஓடினால் கீழே சத்தம் கேட்குமே என்று அடக்குவோம். பிள்ளை இருமினால் வீடே எழுந்து வந்து விசாரிக்கும். ரூத் தண்ணீரை மலாயில் கேட்பாள். வீட்டார் சிரிப்பார்கள். அவளும் சிரித்துவிட்டு மறுபடியும் மலாயிலேயே கேட்பாள். வீட்டுக்காரி எழுமுன் பாக்கியம் எழுந்து தண்ணீர் இறைத்து வைத்துவிடுவாள். யாரும் அவளை இறைக்கச் சொன்னதில்லை.

ஒருநாள் ஞானம்மா ஒரு புதுப் பாயைக் கொண்டுவந்து ரூத் படுக்கும் மூலையில் விரித்தாள். சின்னப் பாய், ஓரத்தில் சிவப்புத் துணி வைத்துத் தைத்தது. பாக்கியம் முகம் மலர்ந்து, "எதுக்கு மதினி செலவு, நாங்க கப்பல்ல இதைத் தூக்கிட்டு அலையவா?" என்றாள். ஞானம்மா பாயின் சுருக்கத்தைக் கையால் தடவி நீவிக்கொண்டே சொன்னாள்: "நீங்க ஏன் தூக்கணும்? போர்டிங் லீவுக்குப் பிள்ளை இங்கதானே வரும், அதுக்குத்தான்."

பாட்டும் கேள்வியும்

பர்லோவில் வந்தவன் சும்மா இருக்க முடியாது. ஞாயிறுதோறும் ஒரு கூட்டம். தோட்டத்துச் செய்தி சொல்ல வேண்டும். நான் பேசுவேன். பாக்கியம் அங்கிருந்து கொண்டுவந்த ஓலைப்பெட்டியையும் மூங்கில் குழலையும் மேசையில் பரப்புவாள். ரூத்துக்குச் சரோங் கட்டிவிட்டு மலாயில் ஒரு ஞானப்பாட்டுப் பாட வைப்பார்கள். நாங்களும் மேசைச் சாமான்களோடு சேர்ந்தவர்கள்தான். பிறகு கேள்வி நேரம். புலி பார்த்தீர்களா, தோட்டத்து ஒல்லாந்துக்காரன் அடிப்பானா, அங்கே அரிசி உண்டா.

அன்று பின்வரிசையில் ஒரு பெரியவர் எழுந்தார். முதல் பர்லோவிலும் எங்களைப் பார்த்தவர். "போன தடவை ஒரு பையனும் சேர்ந்து பாடினானே, அவன் எங்கே?" என்றார். பாக்கியம் ஓலைப்பெட்டியை மூடிவிட்டு நிமிர்ந்தாள். "அவன் அங்கேயே இருக்கான் ஐயா" என்றாள். கூட்டத்துக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. பெரியவருக்கும் புரிந்தது. உட்காரப் போனவர் மறுபடி நிமிர்ந்து, கெட்ட எண்ணம் துளியும் இல்லாமல் சொன்னார்: "அப்படின்னா இவளையாச்சும் இங்க விட்டுட்டுப் போங்கம்மா."

டாக்டரின் கை

கடல் கடக்குமுன் டாக்டர் பார்த்துச் சரி சொல்ல வேண்டும். எங்களுக்கு வாய்த்தவர் யாழ்ப்பாணத்து டாக்டர். ரூத்தைப் படுக்கவைத்து, விலாவுக்குக் கீழே விரலை வைத்து அழுத்திக்கொண்டே இருந்தார். தோட்டக் காய்ச்சல் கண்டவர்களுக்கு மண்ணீரல் வீங்கியிருக்கும்; அதைத் தேடினார். பாக்கியம் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் பாக்கியம் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் என்ன பதிலை வேண்டிக்கொள்கிறாள் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரிந்திருக்காது என்றே நினைக்கிறேன். கூட்டிப் போனால் சாமுவேலுக்கு வந்தது இவளுக்கும் வரலாம். விட்டுப் போனால் இவள் யார் வீட்டுப் பிள்ளையாகவோ வளர்வாள். டாக்டராவது ஒரு பக்கம் சொல்லிவிட மாட்டாரா என்றிருந்தது.

அவர் கையைக் கழுவித் துடைத்துவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "பிள்ளைக்கு ஒண்டும் இல்லை, உபதேசியார். காய்ச்சலுக்குக் கொயினாவை ஒழுங்காக் குடுத்தா அங்கையும் இருப்பாள்; குடுக்காட்டி இஞ்சையும் கிடப்பாள். எங்க விடுறதெண்டு மட்டும் என்னைக் கேக்காதேயுங்கோ, அதுக்கு என்னட்ட மருந்தில்லை."

நீலக்கோட்டுத் துணி

கடல் கடந்து போகிற குடும்பத்துக்குச் சபைப் பெண்கள் கூடித் துணி தைத்துக் கொடுப்பது வழக்கம். அந்தத் தையல் சங்கத்துக்குத் தலைமை, மிஷன் செக்ரட்டரி துரையின் மனைவி. துரைசானியம்மா தமிழை வேதாகமத்திலிருந்து படித்தவர். வாழைப்பழக்காரனிடம், "மனுஷனே, இது எனக்கு வேண்டாம், நீ சமாதானத்தோடே போ" என்பார். அவனும் கும்பிட்டுவிட்டுப் போவான். அவரே நாடா எடுத்து ரூத்துக்கு அளவு பார்த்தார். "குமாரத்தியே, அசையாதிரு" என்று அவர் சொல்லச் சொல்ல ரூத் நெளிந்து சிரித்தாள். பாக்கியத்துக்குப் பெருமை. துரைசானி கையால் ஒரு கவுன்!

அடுத்த வாரம் சிராங்கூன் ரோட்டில் மரைக்காயர் கடைக்குப் போனோம். தோட்டத்தில் துணிக்கடை கிடையாது. கவுன் கிழிந்தால் ஒட்டுப்போட அதே துணியில் ஒரு முழம் வாங்கி வைத்துக்கொள்ளலாம் என்று பாக்கியம் நினைத்தாள். அலமாரியில் கவுனுக்கு எடுத்த அதே நீலக் கோடு போட்ட துணியைப் பார்த்ததும் கைகாட்டிக் கேட்டாள். மரைக்காயர் துணிச் சுருளை இறக்கிப் போட்டார். "இதுவா தங்கச்சி? போர்டிங் புள்ளைகளுக்குன்னு துரைசானி வருசா வருசம் நம்மகிட்டதான் எடுப்பாங்க. இந்தத் தடவை புதுசா ஒரு புள்ள சேருதாமே, அதுக்குன்னு கூட ஒரு துண்டு வெட்டிட்டுப் போனாங்க."

துரையின் வராந்தா

மறுநாளே செக்ரட்டரி துரையைப் பார்க்கப் போனேன். நாற்காலி போடச் சொன்னார். மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. நான் மட்டும் போகிறேன், தாயும் பிள்ளையும் இங்கே இருக்கட்டும் என்று கேட்டுப் பார்த்தேன். தலையாட்டி மறுத்தார். தோட்டத்துப் பெண்கள் ஆண்பிள்ளையிடம் வாய் திறக்க மாட்டார்கள். பிரசவமோ அடிதடியோ, பாக்கியத்திடம்தான் ஓடி வருவார்கள். அவள் இல்லாமல் நான் போய் என்ன செய்வது? இரண்டு பேரும் போகாவிட்டால் அந்த இடத்தை மூட வேண்டியதுதான், அனுப்ப வேறு குடும்பம் இல்லை என்றார். எல்லாம் உண்மை. "உம்முடைய மகனை அடக்கம் செய்தவர் நீர். இன்னொரு பிள்ளையையும் அந்தக் காட்டுக்கு நான் எப்படி அனுப்புவேன்?" என்றார்.

அவர் தலைக்குப் பின்னால் சுவரில் ஒரு படம். கழுத்துவரை பொத்தான் போட்ட இரண்டு வெள்ளைக்காரச் சிறுவர்கள். நான் அதைப் பார்ப்பதை அவரும் பார்த்தார். "நாங்கள் சீமையிலே இரண்டு பேரை விட்டிருக்கிறோம், உபதேசியாரே. உம்மிடம் ஒருத்தியைத்தானே கேட்கிறோம்."

எண்ணெய்க் கிண்ணம்

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். பாக்கியம் ரூத்துக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். ஜடையைப் பின்னினாள். பிரித்தாள். மறுபடி பின்னினாள். "இழுக்காதேம்மா" என்று ரூத் சிணுங்கினாள். பின்னி முடித்துப் பிள்ளையைக் கீழே விளையாட அனுப்பிய பிறகு, எண்ணெய்க் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே, "அந்தப் படத்துல இருக்க பிள்ளைகளுக்கு இப்போ என்ன வயசாம்?" என்றாள். நான் கேட்கவில்லை என்றேன். "பெத்தவளுக்காச்சும் தெரியுமோ, என்னமோ."

அனுப்புதல் ஆராதனை

கப்பல் ஏறுவதற்கு முந்தின ஞாயிறு. கோயில் நிறைந்திருந்தது. ரூத்துக்கு அந்தக் கவுனைப் போட்டு, போர்டிங் பிள்ளைகளோடு முன் பெஞ்சில் உட்காரவைத்திருந்தார்கள். போகிறவர்கள் சபைக்கு முன்னால் நிற்க வேண்டும். "மனப்பூர்வமாய்ப் போகிறீர்களா?" என்று கேட்பார்கள். "ஆம், போகிறேன்" என்று சொல்ல வேண்டும். ஆண்டவருக்கு முன் கொடுக்கிற வாக்கு; வேறு பதில் சொன்ன ஒருவரையும் அதுவரை நான் பார்த்ததில்லை. செக்ரட்டரி துரை முதலில் என்னைக் கேட்டார். ஆம் என்றேன். பிறகு பாக்கியத்தைக் கேட்டார்.

பாக்கியம் முன் பெஞ்சைப் பார்த்தாள். ரூத் அழவில்லை, தாயின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மூணு பேருன்னா மனசாரப் போறேன் ஐயா" என்றாள் பாக்கியம். குரல் கடைசிப் பெஞ்சுவரை கேட்டது. "ரெண்டு பேருன்னாலும் போவேன். அங்க அந்தப் பொம்பளைகளுக்கு வேற ஆள் இல்ல. ஆனா மனசாரன்னு மட்டும் சொல்லமாட்டேன். கோயில்ல வச்சு என்னைப் பொய் சொல்லச் சொல்லாதிய."

மாசிலாமணி தலை குனிந்துகொண்டார். துரையின் முகம் சிவந்துவிட்டது. அவர் மறுபடி அதே கேள்வியைக் கேட்க வாயெடுத்தார். அப்போது முன்வரிசையில் துரைசானியம்மா எழுந்து நின்றார். புருஷனிடம் இங்கிலீஷில் பேசியிருக்கலாம். சபைக்கெல்லாம் விளங்கும்படி தமிழில்தான் பேசினார்: "நானும் என் தேசத்திலே இப்படி நின்று ஆம் என்று சொன்னேன். இப்பொழுது என் குமாரர் அந்நிய ஸ்திரீக்கு எழுதுகிறதுபோல எனக்கு எழுதுகிறார்கள். இவளை ஆம் என்று சொல்லப்பண்ணாதேயும்."

துரை கையிலிருந்த புஸ்தகத்தை மூடினார். பிறகு எல்லாரையும் முழங்கால்போடச் சொல்லி ஜெபித்தார். கடல் கடந்து போகிறவர்களின் பேரைச் சொல்லி ஒப்புக்கொடுக்கும் இடம் வந்தபோது என் பேரைச் சொன்னார், பாக்கியத்தின் பேரைச் சொன்னார், சற்று நிறுத்தி, ரூத்தின் பேரையும் சொன்னார்.

அந்தப் பர்லோவில் நாங்கள் மெய்யாக ஓய்வெடுத்தது ஒரே ஒரு இடத்தில்தான்: டெலிக்குப் போகும் கப்பலின் மேல்தட்டில், மூன்று பேரும் கடல்மயக்கத்தில் தலை தூக்க முடியாமல் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தபோது.